கடகத்துக்கு வரவு

டோக்கன் நாற்பத்தொன்று. உள்ளே போயிருப்பது பதினெட்டு. இனி எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேரம் இந்த இரும்பு நாற்காலிதான் கதி என்று சந்தனமாரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். சிவகாசியிலிருந்து விடிந்ததும் விடியாததுமாக பஸ் ஏறி, மதுரையில் இறங்கி, ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டு, மனநலப் பிரிவுக்கு மாடி ஏறி வந்தாகிவிட்டது. மடியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று. அதன் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள், விட்டால் தானாகத் திறந்து ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டிவிடும் என்பது மாதிரி. பக்கத்தில் புருஷன் வேல்மயில் வாயைத் திறந்து தூங்குகிறான். தூங்கட்டும் பாவம். அடுத்த வருஷத்துக் காலண்டர் சாம்பிளெல்லாம் ஆடிக்குள் தயாராக வேண்டும் என்று கம்பெனியில் ஆளைப் பிழிந்து எடுக்கிறார்கள். டாக்டரம்மா இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தேவலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, திருத்தங்கல்லில் மதினி வீட்டில் இருக்கிற பாப்பாவை அவன் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான். பேச்சு அப்படித்தான். ஆறு வாரம் மாத்திரை, ஆறு வாரம் நோட்டு, அப்புறம் பாப்பா. மாத்திரையை ஒருநாள் தவறவிடவில்லை. நோட்டிலும் ஒருநாள் விடவில்லை. மாத்திரை நிஜம். நோட்டுதான் பொய். பொய் என்று ஒரே போடாகப் போட்டுவிட முடியுமா அதை? முடியாது. முடியும். சே, காலையில் ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாம்.

பார்டர்லைன் என்று டாக்டரம்மா முதல் நாள் சொன்னபோது இவளுக்குத் தெரிந்த பார்டர் சேலை பார்டர் ஒன்றுதான். ஹெப்சிபா டாக்டர் சின்னப் பெண், முப்பது வயசுகூட இருக்காது, ஆனால் அதட்டாமல் பேசுவாள். "இது பைத்தியமில்லைங்க. அடுப்புல சிம்முன்னு ஒண்ணு இருக்குல்ல, உங்க மனசுக்கு அது இல்ல. எரிஞ்சா முழுசா எரியும், இல்லன்னா மொத்தமா அணைஞ்சிரும். இந்த மாத்திரை சில பேருக்கு அந்தக் குமிழைக் கொஞ்சம் திருப்பிக் குடுக்கும், சில பேருக்குக் குடுக்காது. பார்த்துதான் சொல்லணும்." ஆகா, இதைச் சொல்ல இத்தனை படிப்பா என்று வேல்மயில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இவளுக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் அடங்காப்பிடாரி என்றார்கள், ராங்கி என்றார்கள், அம்மா செத்த அன்றைக்குக்கூட நடிக்கிறாள் என்றார்கள். அடுப்பில் ஒரு திருகு இல்லை, அவ்வளவுதான் என்று சொல்ல ஒருத்தி கிடைத்தாளே. அந்த நிமிஷத்தில் டாக்டரம்மா இவளுக்குச் சாமி. இவளுக்கு யாரும் நடுவில் நிற்க மாட்டார்கள், ஒன்று சாமி, இல்லாவிட்டால் சனியன். முதலில் துளியூண்டு மாத்திரை, இரண்டு வாரம் கழித்துக் கொஞ்சம் கூட, உடம்பில் எங்கேயாவது சிவந்து தடித்தால் உடனே நிறுத்திவிட்டு ஓடிவர வேண்டும். அதனால் தினமும் குளிக்கும்போது கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வேர்க்குரு ஒன்று வந்தால் போதும், போச்சு, மாத்திரையும் என்னை விட்டுப் போயிரும்போல என்று உட்கார்ந்துவிடுவாள். அந்த முதல் நாளே நோட்டையும் கொடுத்துவிட்டாள் டாக்டரம்மா. அன்றைக்கு மனசு எப்படி இருந்தது, ஒரே ஒரு வார்த்தை. "யோசிக்காம எழுதுங்க. இதைப் பார்த்துத்தான் மருந்து கேக்குதா இல்லையான்னு நான் முடிவு பண்ணுவேன்."

யோசிக்காமல் எழுதுவதாம். ஒரு வார்த்தையாம். முதல் நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் சந்தைக் கூச்சல். கோபமா, ஆமாம். பயமா, அதுவும்தான். வெறுமையா, அது எப்போதும் உள்ளது, அதை எழுதினால் மாத்திரை கேட்கவில்லை என்று ஆகிவிடாதா. சந்தோஷம் என்று எழுதினால் பொய் சொல்கிறாள் என்று டாக்டரம்மா கண்டுபிடித்து, உன் சங்காத்தமே வேண்டாம் என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடமாட்டாளா. நிமிர்ந்து பார்த்தாள். எதிரே சுவரில் தினசரி காலண்டர், வேல்மயில் கம்பெனியில் அடித்தது. தாளின் அடியில் பொடி எழுத்தில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு வார்த்தை. மேஷம் தாமதம், ரிஷபம் லாபம், மிதுனம் போட்டி, கடகம் கவலை. கவலை. அட, இதுதானே! இதைத்தானே இத்தனை நேரமாகத் தேடினோம் என்று எழுதிவிட்டாள். மறுநாளும் நிமிர்ந்து பார்த்தாள். அதற்கடுத்த நாளிலிருந்து உள்ளே தேடுவதையே விட்டுவிட்டாள், கண் நேரே சுவருக்குப் போய்விடும். அலைச்சல், பயம், சுகம், மறதி, நட்பு. ஒருநாள் கீர்த்தி. கீர்த்தி என்று கண்டால் எவளாவது அதை மனசு என்று எழுதுவாளா? இவள் எழுதினாள். இரண்டாம் வாரம் டாக்டரம்மா அந்த இடத்தில் பேனாவை வைத்து, "கீர்த்தின்னா எப்படி இருந்துச்சு சந்தனமாரி?" என்று கேட்க, "நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

கடகம் இவள் ராசி இல்லை, பாப்பாவுடையது. இவள் விருச்சிகம். தன் ராசியை எந்தப் பெற்றவள் பார்த்தாள்? அதிலும் பிள்ளை கண்ணில் படாமல் திருத்தங்கல்லில் கிடக்கும்போது, வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் போனில் பேசுவதோடு சரி என்று ஆகிவிட்டபோது, சுவரில் இருக்கிற அந்த ஒரு வார்த்தைதானே பாப்பாவிடமிருந்து தினம் வருகிற தகவல். சுகம் என்று போட்டிருந்தால் பாப்பா இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டிருப்பாள், இவளும் இரண்டு கவளம் கூடச் சாப்பிடுவாள். பயம் என்று போட்டிருந்தால் போச்சு, பள்ளிக்கூட வேனில் யாரோ மிரட்டியிருக்கிறார்கள், சாயந்தரம் வரைக்கும் இவளுக்கு உள்ளங்கை ஈரம் காயாது. அப்படிப் பார்த்தால் எழுதினது பொய்யா? பயம் என்று எழுதிய அன்றைக்குப் பயந்துதானே இருந்தாள். அங்கேதான் சிக்கல். பயந்தது இவளா, காலண்டரா, மாத்திரை அன்றைக்கு வேலை செய்ததா, செய்யவில்லையா, யார் கண்டது. கடைசிப் பத்து நாளாகக் கடகத்துக்குச் சுக்கிர திசை அடித்தது மாதிரி ஒரே நல்ல வார்த்தை. நன்மை, ஜெயம், பாசம், அமைதி, சுகம், மறுபடி நன்மை. இன்றைக்குக் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் தாளைக் கிழித்துப் பார்த்தாள், கடகம் வரவு. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. வரவு! பாப்பா வருகிறாள் என்று அச்சடித்தே போட்டுவிட்டான். நின்றுகொண்டே அதையும் நோட்டில் எழுதினாள். இப்போது நோட்டைப் புரட்டினால் ஒரு பைத்தியக்காரி படிப்படியாகத் தேறி வந்த கதை அச்சுக் குலையாமல் இருக்கிறது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வாயைத் திற, இத்தனை மாத்திரை சாப்பிடு, இத்தனை மணிக்குப் படு என்றுதான் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள், வாயை மூடிக்கொண்டிரு என்பது எவ்வளவு சுலபமான வேலை.

போன்னு சொன்னதும் போயிட்டா. எதை நினைத்தாலும் கடைசியில் மனசு இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. சித்திரையில் ஒரு மத்தியானம். இரண்டு மணிக்குச் சாப்பிட வருகிறேன் என்ற வேல்மயில் நான்கு மணியாகியும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. மிஷினில் நிற்கிறவன் போனை எப்படி எடுப்பான், தெரியும், தெரிந்து என்ன. முப்பத்தேழு தடவை அடித்தாள். வேறொருத்தி இருக்கிறாள், இல்லை அவன் செத்துக் கிடக்கிறான், இல்லை இவளை விட்டுத் தொலைந்தால் போதும் என்று பஸ் ஏறிவிட்டான். சோற்றுப்பானை முற்றத்தில் போய் விழுந்தது. பாப்பா, ஏழு வயசு, சுவரோடு ஒட்டிக்கொண்டு, "அம்மா, அப்பா வந்துருவாரும்மா" என்றாள். அதில் என்ன குற்றம்? ஆறுதல்தானே சொன்னாள். "நீயும் போயிருடி, எல்லாரும் போங்க, எனக்கு யாரும் வேண்டாம், போ!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். போன்னு சொன்னா ஒரு புள்ள போயிருமா? அழும், காலைக் கட்டிக்கொள்ளும், நாலு அடி வாங்கிக்கொண்டு தூங்கும். இவள் பெற்றது சொன்னதைச் செய்கிற பிள்ளை. பள்ளிக்கூடப் பையில் இரண்டு சட்டையை மடித்து வைத்து, டிபன் பாக்ஸில் காலையில் மிஞ்சின இரண்டு இட்லியைப் போட்டு மூடி, செருப்பைக் கால் மாறாமல் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பஸ் ஸ்டாண்ட் பூக்கடைக்காரம்மா பார்த்து நிறுத்தி வைக்காவிட்டால் எந்த பஸ்ஸில் ஏறியிருப்பாள்? எங்கே போறே கண்ணு என்று கேட்டதற்கு, "தெரியல, அம்மா போகச் சொன்னாங்க" என்றாளாம். அந்த மட்டுக்கும் பூக்கடையோடு நின்றதே. அன்று சாயந்தரமே வேல்மயில் பிள்ளையைத் திருத்தங்கல் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தான். இவளை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை ஏசவில்லை. அடித்திருக்கலாம்.

இருபத்தாறு என்று உள்ளிருந்து குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்து நாற்காலி காலி. தண்ணீர் பிடிக்கப் போயிருப்பான், பாட்டிலைக் காணோம். ஐந்து நிமிஷம். பாட்டிலில் தண்ணீர் பிடிக்க எத்தனை நேரம்? எட்டு நிமிஷம். போய்விட்டான். இங்கேயே தலைமுழுகிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான், அக்காக்காரி யோசனை சொல்லியிருப்பாள். தூங்குகிற மாதிரி என்ன நடிப்பு, பாவி. நெஞ்சுக்குள் அந்தப் பழைய திகுதிகு கிளம்பி, கை தானாகப் போனை எடுத்துவிட்டது. எடுத்தது, அடிக்கவில்லை. இதுதான். இதைத்தான் டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும், இது எந்த நோட்டிலும் இல்லை. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் எவர்சில்வர் டம்ளரை ஓங்கினாள், ஓங்கின கை மேலேயே நின்றது, நின்ற நேரத்தில் டம்ளருக்குள் காப்பி இருப்பது கண்ணில் பட்டது. பட்டதும் கீழே வைத்துவிட்டாள். வைத்துவிட்டு, நானா வைத்தேன் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு நேரம் கிடைக்கிறது. முன்னே அது கிடையாது. எப்போதும் கிடைக்கிறதா என்றால் இல்லை. ஐந்தாம் வாரம் பீரோக் கண்ணாடி உடைந்தது, வேல்மயிலிடம் பூனை தள்ளிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறாள். முழங்கைக்கு மேலே பல் பதிந்த தழும்பு ரவிக்கைக் கைக்குள் இருக்கிறது. அது அவள் பல்தான். அன்றைக்குக் கடகத்துக்கு என்ன? அமைதி. நோட்டைத் திறந்து பார்க்கவே வேண்டாம், அமைதிதான். பாட்டிலைத் துடைத்துக்கொண்டே வேல்மயில் படியேறி வந்தான். "கீழ ஒரே கூட்டம் புள்ள. இந்தா, குடி." அவன் முகத்தில் இருந்த களைப்பைப் பார்த்ததும் இவனையா பாவி என்றோம் என்று காலில் விழலாம்போல ஆகிவிட்டது.

"எங்க, நோட்டைக் காட்டு பாப்போம்" என்று அவன் கையை நீட்டியபோது கொடுக்காமல் இருக்க முடியவில்லை. எச்சில் தொட்டுப் புரட்டினான். காலண்டர் கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தாளில் புரள்கிறவன், கண்டுபிடித்துவிடுவான், கண்டுபிடித்துவிட்டால் நல்லது, நம் வாயால் சொல்ல வேண்டாம், ஐயோ கண்டுபிடிக்காமல் இருக்க வேண்டுமே. அவன் கடைசிப் பக்கத்தில் நின்றான். நன்மை, சுகம், வரவு என்று வாய்க்குள் வாசித்தான். உதடு ஒரு மாதிரி கோணிக்கொண்டு போக, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பரவால்லயே சந்தனம். நான்கூட என்னமோ நெனச்சேன். நாளைக்கு விடிஞ்சதும் போயிக் கூட்டியாந்துர்றேன்." நம்புகிறான். இந்த மனுஷன் இவளை நம்பி எத்தனை நாளாயிற்று! வீட்டுக்குள் பாப்பா வந்து நிற்பது இப்போதே கண்ணுக்குத் தெரிகிறது. எண்ணெய் வைத்த தலை, முன்பல் விழுந்த வாய், மதினி இரட்டைப் பின்னல் போட்டிருப்பாள். ஒரு வாரம் போகும், இரண்டு வாரம் போகும். அப்புறம் ஒரு மத்தியானம் கை டம்ளரை ஓங்கும், அன்றைக்கு அந்த ஒரு மூச்சு நேரம் கிடைக்காது, வாய் போ என்று சொல்லும். பாப்பா பையை எடுப்பாள். இப்போது எட்டு வயசாகப் போகிறது, விவரம் கூடியிருக்கும், பூக்கடை வழியாகப் போனால் பிடித்துக்கொள்வார்கள் என்று தெரிந்திருக்கும். வேறு வழியாகப் போவாள். நாற்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா சிரித்த முகமாக இருந்தாள். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள், கடைசி இரண்டு வாரத்தை விரலால் தடவினாள். "நல்லா வந்திருக்கே! டோஸ் இதே அளவு போதும்னு தோணுது." வேல்மயில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "அப்போ நாளைக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வந்துரலாமா டாக்டர்?" என்றான். இரண்டு பேரும் ஒன்றாக இவளைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இவளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது இவள் ஆயுசில் இதுதான் முதல் தடவை. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கக் கூடாதா. "அது எனக்கு உள்ளது இல்ல டாக்டரம்மா" என்றாள். எது என்று கேட்டாள் டாக்டரம்மா. "நோட்டு. எனக்கு எழுத வரல. காலண்டர்ல பாப்பா ராசிக்குப் போட்டிருந்ததப் பாத்து எழுதுனேன். அம்புட்டு நாளும்." வெளியே யாரோ டோக்கனுக்குச் சண்டை போடுவது கேட்டது. "அதான் கீர்த்தியா" என்றாள் டாக்டரம்மா மெதுவாக. சிரிக்கவில்லை. இதோ நோட்டைத் திருப்பி வீசப் போகிறாள், எழுந்து வெளியே போ என்று சொல்லப் போகிறாள் என்று இவள் முதுகெல்லாம் வேர்த்து உட்கார்ந்திருக்க, அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரி. நெசமா எப்படி இருந்துச்சு, இப்ப சொல்லுங்க. ஒரு வார்த்தையா வேண்டாம்" என்றாள். டம்ளரைச் சொன்னாள். கண்ணாடியைச் சொன்னாள். ரவிக்கைக் கையைச் சுருட்டிக் காட்டியபோது வேல்மயில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், இப்போதைக்குக் கூட்டவும் வேண்டாம், வியாழக்கிழமைதோறும் வந்து என்னிடம் பேசுங்கள், இன்னும் ஆறு வாரம் பார்ப்போம், பிள்ளை விஷயத்தை நீங்கள் இரண்டு பேரும்தான் முடிவு பண்ண வேண்டும் என்றாள் டாக்டரம்மா. "இப்ப வேண்டாம்" என்றது ஒரு குரல். இவளுடைய குரல்தான். வேல்மயில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வெளியே போனான். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடி, பிடி, போகிறான் என்று உடம்பு முழுக்கக் கத்தியது. டாக்டரம்மா சீட்டு எழுதி முடிக்கும்வரை இவள் உட்கார்ந்திருந்தாள்.

மாடிப்படியின் கடைசிப் படியில் அவன் உட்கார்ந்திருந்தான். இவள் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தாள். "வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நாளைக்கு வந்திருப்பாள்ல" என்றான், கோபமாகக்கூட இல்லை. "நான் போன்னு சொன்னா அவ போயிருவா மாமா." அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு சொன்னான். "நேத்து சாயந்தரமே பையை எடுத்து வச்சிட்டாளாம். அக்கா போன்ல சொல்லுச்சு. உங்கிட்ட நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்." ஐயோ. இரண்டு சட்டையையும் மடித்து வைத்திருப்பாள். வா என்று யாரும் இன்னும் சொல்லக்கூட இல்லை, அதற்குள் எடுத்து வைத்திருக்கிறாளே. இவளுக்கு மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை, அழுகை வந்தால் நிற்காது, நின்றாலும் திரும்ப வரும், வரட்டும், இப்போது வேண்டாம். "போனைப் போட்டுக் குடுங்க. நானே சொல்றேன்" என்றாள். அந்தப் பக்கம் மதினி எடுத்துப் பாப்பாவிடம் கொடுத்தாள். "அம்மா?" என்றது. "பாப்பா, பைய எடுத்து வச்சிருக்கியாமே. அம்மாவுக்கு இன்னும் கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிடணுமாம்டா. சட்டையெல்லாம் எடுத்துத் திரும்ப அலமாரில வச்சிரு. நான் வான்னு சொல்லும்போது வந்தாப் போதும், என்ன?" அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு கோழி கத்தியது. "சரிம்மா" என்றாள் பாப்பா. சொன்னதைச் செய்கிற பிள்ளை. பிறகு, "அம்மா, டிபன் பாக்ஸ் மட்டும் பைக்குள்ளயே இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

இருக்கட்டும் என்று சொல்லத்தான் இவளால் முடிந்தது. போனை அவனிடம் கொடுத்தாள். மடியில் நோட்டை விரித்து, வேல்மயில் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, காலையில் எழுதின வரவு என்பதை அடித்தாள். அதன் கீழே, எந்தச் சுவரையும் பார்க்காமல், டிபன் பாக்ஸ் என்று எழுதினாள். வேல்மயில் எட்டிப் பார்த்தான். சிவகாசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்க எழுந்து போனான்.